மீனின் பக்கக்கோடும் மனிதனின் கருவியும்

சந்தைக்குச் சென்று மீன் வாங்குவோர் எல்லாரும் ஒரு கோட்டைக் கண்டிருப்பர். செவுள் மூடிக்குப் பின்னே தொடங்கி, உடலின் பக்கமாக ஓடி, வாலடிவரை செல்லும் மெல்லிய கோடு அது. பாரை மீனில் அக்கோட்டின் பிற்பகுதி தடித்துக் கூரிய செதில்களாய் நிற்கும். கவனமின்றி அரிவோரின் கையைக் கீறிவிடும். மீனை வெட்டுவோர் அதனை நீக்கிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பர். அது எதற்காக அங்கே இருக்கின்றது என்று கேட்போர் மிகச் சிலரே.

அக்கேள்வியை என்னிடம் ஒரு மாணவி கேட்டாள். பல ஆண்டுகளுக்கு முன்னர், விஞ்ஞான ஆசிரியர் விடுப்பிலிருந்த ஒரு நாளில், கீழ்வகுப்பு ஒன்றுக்கு நான் பாடஞ் சொல்ல நேர்ந்தது. கரும்பலகையில் மீனின் படத்தை வரைந்து உறுப்புகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்த சிறுமி எழுந்து, "சேர், அந்தக் கோடு எதற்கு?" என்றாள். நான் கலைப் பட்டதாரி. விடை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதற்குப் பக்கக்கோடு என்று பெயர்" என்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். கேள்விக்கு விடையாகப் பெயரைக் கொடுத்து அப்பிள்ளையின் வாயை அடைத்துவிட்டேன் என்பது வீடு திரும்பும் வழியிலேதான் எனக்கு உறைத்தது.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது ஓர் உண்மையை அறிந்தேன். நான் செய்த தவற்றை ஐரோப்பிய விஞ்ஞான உலகமும் ஒருகாலத்திற் செய்திருந்தது. இவ்வுறுப்புக்குத் தவறான பெயரொன்றைச் சூட்டிவிட்டு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அப்பெயரிலேயே அது அமைதி கண்டிருந்தது. அந்தப் பெயர் எவ்வாறு உடைந்தது, உடைந்த பின் அந்த அறிவு எவ்வாறு ஒரு புதிய கருவியாய் வளர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கதை 1664ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. டென்மார்க் தேசத்தவரான நீல்ஸ் ஸ்டென்சன், அதாவது இலத்தீன் மொழியில் ஸ்டெனோ எனப்பட்டவர், தசைகளையும் சுரப்பிகளையும் பற்றிய நூலொன்றை அவ்வாண்டில் வெளியிட்டார். திருக்கையின் தோலிற் காணப்படும் நுண்துளைகளையும் அவற்றோடு தொடர்ந்த குழாய்களையும் அதில் அவர் விவரித்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1678இல், இத்தாலியரான ஸ்தெபானோ லொரென்சினி மின்திருக்கையை ஆராய்ந்து, அதன் தலைப்பகுதியிற் கூழ் நிரம்பிய குழாய்கள் பல இருப்பதை எழுதினார். தோலை அழுத்தினால் துளைகளின் வழியே வழவழப்பான பொருள் வெளிவரும். மீனின் உடலோ எப்போதும் வழவழப்பானது. எனவே மீனுக்கு வேண்டிய சளியைச் சுரப்பதே இக்குழாய்களின் தொழில் என்று கொள்வது அக்காலத்தவர்க்கு மிக இயல்பாயிற்று. பக்கக்கோட்டிலும் தோலின் கீழே இவ்வகைக் குழாய் ஓடுவதால், அதுவும் "சளிக்குழாய்" என்ற பெயரைப் பெற்றது.

இப்பெயரைக் கொடுத்தவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். மலைப்பாறைகளிற் கிடைத்த "நாக்குக் கற்கள்" பண்டைக் காலத்துச் சுறாக்களின் பற்களே என்று 1667ஆம் ஆண்டில் வாதிட்டுப் புவிச்சரிதவியலுக்கு அடிகோலியவர் இதே ஸ்டெனோதான். கல்லிலே பல்லைக் கண்ட கண்ணுக்கும் சளிக்குள்ளே புலன் தெரியவில்லை. அதற்கு வேண்டிய நுணுக்குக்காட்டி அக்காலத்தில் இருக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் பின்வந்தோர் பலர் மீண்டும் தேடாமல் விட்டமைக்கு, விடை முன்னரே கிடைத்துவிட்டது என்ற எண்ணமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகின்றேன்.

அந்த எண்ணத்தை அசைத்தவர் யேர்மனிய விலங்கியலாளர் பிரான்ஸ் லெய்டிக். 1850ஆம் ஆண்டில் அவர் என்பு மீன்களின் இக்குழாய்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். குழாய்க்குள்ளே ஆங்காங்கு சிறு முடிச்சுகள் இருந்தன. ஒவ்வொரு முடிச்சுக்கும் நரம்பு வந்து சேர்ந்தது. சளி சுரக்கும் ஓர் உறுப்புக்கு இத்தனை நரம்புகள் எதற்காக? இவை புலனுறுப்புகளாகவே இருத்தல் வேண்டும் என்று லெய்டிக் முடிவு செய்தார். அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பில் "சளிக்குழாய்" என்ற பழைய பெயரே நின்றது. உள்ளடக்கமோ அப்பெயரைப் பொய்யாக்கியது. பின்னர் 1868இல் அவர் இதனை "ஆறாம் புலன்" என்றே அழைத்தார். தொல்காப்பியர் ஆறாவது அறிவாக மனத்தைக் கூறினார் என்பது தமிழர் அறிந்ததே. லெய்டிக் கூறியது அதுவன்று. கண், காது போன்று உடலில் அமைந்த, ஆனால் மனிதருக்கு வாய்க்காத, ஒரு புலனையே அவர் குறித்தார்.

புலன் என்றால் எதனை உணரும் புலன்? இக்கேள்விக்கு விடை காண மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. பிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்சே என்பார் 1861ஆம் ஆண்டிலேயே, இம்முடிச்சுகளிலிருந்து நுண்ணிய மயிர்கள் நீட்டி நிற்பதை விவரித்தார். நீர் மொத்தமாக அசையும்போது அந்த அசைவை உணர்வதே இவற்றின் பணியாகலாம் என்று 1870இல் எழுதினார். வேறு சிலர் இது செவியின் துணையுறுப்பு என்றனர். அமெரிக்கரான பாக்கர் 1904இல், மெதுவான அதிர்வுகளை இது உணர்கின்றது என்றார். 1908இல் மியூனிக் நகரத்துப் புரூனோ ஹோபர் பைக் என்னும் நன்னீர் மீனை வைத்துப் பரிசோதித்தார். மெல்லிய நீர்த்தாரையை உடலின் மீது செலுத்தியபோது மீன் தன் செட்டைகளை அசைத்தது. பக்கக்கோட்டுக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிய பின்னர் அவ்வுணர்ச்சி அற்றுப்போயிற்று. நீரோட்டத்தை உணரும் புலன் இது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று அன்று வேறில்லை.

இக்கருத்தை நிறைவுசெய்தவர் ஒல்லாந்து நாட்டவரான ஸ்வென் டைக்கிராப். 1934இல் வெளியான தம் ஆய்வில் அவர் இதனைத் "தொலைத்தொடுகை" என்னும் பொருள்படும் சொல்லால் விளக்கினார். பார்வையற்றவர் ஒருவர் கைக்கோலால் வழியைத் தட்டி அறிகின்றார் அல்லவா? கோலின் நுனி கல்லைத் தொட, அவருடைய கை அதனை அறிகின்றது. மீனுக்கு அக்கோலாக இருப்பது நீரே. ஒரு பொருள் நீரில் நகரும்போது முன்னுள்ள நீரைத் தள்ளுகின்றது. பின்னே சுழிகளை விட்டுச் செல்கின்றது. அந்தத் தள்ளலும் சுழியும் தன் உடலைத் தொட்ட மாத்திரத்தே, அப்பொருள் எங்கிருக்கின்றது, எவ்வழி செல்கின்றது என்பதை மீன் உணர்ந்துகொள்கின்றது. இவ்வுணர்வு எட்டும் தூரம் அதிகமில்லை. பெரும்பாலும் மீனின் உடல் நீளத்துக்கு ஒரு மடங்கு அல்லது இரு மடங்குதான். ஆயினும் இரை பிடிக்கவும், பகைக்குத் தப்பவும் கடைசிக் கணத்திற் பயன்படுவது அச்சிறு தூரமே.

இனி, இவ்வுறுப்பு இயங்கும் முறையைச் சிறிது நோக்குவோம். லெய்டிக் கண்ட முடிச்சை நாம் புலனரும்பு என்று சொல்லலாம். ஒவ்வொரு புலனரும்பிலும் பல மயிர்க்கலங்கள் உண்டு. அவற்றின் மயிர்கள் எல்லாம் கூழ் போன்ற ஒரு தொப்பிக்குள்ளே புதைந்திருக்கும். நீர் அசைந்தால் தொப்பி சாயும்; தொப்பி சாய்ந்தால் மயிர்கள் வளையும்; மயிர்கள் வளைந்தால் நரம்பிற் செல்லும் துடிப்புகள் மாறும். ஒரு பக்கம் வளைந்தால் துடிப்பு மிகும், எதிர்ப்பக்கம் வளைந்தால் குறையும் என்பதைச் சுவீடன் நாட்டவரான ஓக்கே புளொக் 1960களிற் காட்டினார். எனவே நீர் அசைந்தது என்பதோடு, எத்திசையில் அசைந்தது என்பதையும் மீன் அறிகின்றது. நம்முடைய உட்செவியில் ஒலியை உணர்வனவும் இவ்வகை மயிர்க்கலங்களே.

புலனரும்புகள் இருவகைப்படும். சில தோலின் மேலே வெளிப்படையாக நிற்பன. அவை நீரோட்டத்தின் வேகத்தை உணரும். சில தோலின் கீழுள்ள குழாய்க்குள் இருப்பன. குழாயிலே வரிசையாகத் துளைகள் உண்டு. இரு துளைகளிலும் அமுக்கம் ஒன்றாயிருப்பின் உள்ளே இருக்கும் நீர் அசையாது. ஒரு துளையில் அமுக்கம் கூடினால் மட்டுமே அசையும். ஆகவே ஓயாது ஓடும் ஆற்றுநீரின் சீரான ஓட்டத்தை இக்குழாய் பொருட்படுத்தாது விட்டு, அதனூடே ஓர் இரை எழுப்பும் சிறு சலனத்தைப் பிரித்தறிய உதவுகின்றது. பெருஞ்சந்தை இரைச்சலிலே தன் பிள்ளையின் குரலைத் தாய் கேட்பது போன்றது இது.

இப்புலனின் ஆற்றலுக்கு இரண்டு சான்றுகள் கூறலாம். மெக்சிக்கோ நாட்டின் குகை ஒன்றிலிருந்து பெறப்பட்டு 1936ஆம் ஆண்டில் விஞ்ஞானிகளால் விவரிக்கப்பட்ட ஒரு சிறு மீனுக்குக் கண்கள் இல்லை. இருண்ட குகைநீரில் அது சுவரில் மோதாது வழுக்கிச் செல்கின்றது. தான் நீந்துவதாற் பிறக்கும் நீரசைவு சுவரின் அருகே மாறுபடுவதைத் தன் உடலால் உணர்ந்துகொள்கின்றது. மற்றொன்று 1976இல் பிச்சர், பாட்ரிஜ், வாடில் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு. வடகடலிற் கூட்டமாய் வாழும் ஒருவகை மீனின் கண்களைத் தற்காலிகமாக மூடி விட்டார்கள். அவை கூட்டத்தோடு சேர்ந்து நீந்தின. கண்ணை மூடியதோடு பக்கக்கோட்டு நரம்பையும் வெட்டியபோதோ, அவற்றாற் கூட்டத்தோடு செல்ல முடியவில்லை.

நேயர்களே, இதுவரை சொன்னது இயற்கையை அறிந்த கதை. இனி வருவது அதனைப் பின்பற்ற முயன்ற கதை.

கடலுக்கடியில் மனிதனுடைய கருவிகள் பெரிதும் குருடானவை. கலங்கிய நீரில் ஒளி சில அடிகளுக்கு மேற் செல்வதில்லை. வானொலி அலைகளை உப்புநீர் விரைவில் விழுங்கிவிடுகின்றது. எனவே முதலாம் உலக யுத்த காலத்திற் பிரான்சிய பௌதிக அறிஞர் போல் லாங்செவென் முதலியோர் ஒலியை நாடினர். ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு, நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் முறை அப்போது பிறந்தது. இன்றும் அதுவே கடலின் முதன்மைக் கருவி. ஆயினும் அதற்கு மின்வலு வேண்டும். ஒலி எழுப்புவோர் தம் இருப்பிடத்தையும் வெளிப்படுத்துகின்றனர். மிக அண்மையில் உள்ள பொருளையும், சுற்றிலும் சுழலும் நீரோட்டத்தையும் அறிவதற்கு அது ஏற்றதன்று. மீனோ எதனையும் அனுப்புவதில்லை. வருவதைப் பெற்றுக்கொள்கின்றது. ஆளின்றி இயங்கும் சிறு நீர்மூழ்கி வண்டிகள் பெருகத் தொடங்கியபோது, பொறியியலாளரின் கண் மீனின் பக்கம் திரும்பியது இயல்பே.

2002ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் சாங் லியுவின் குழுவினர் செயற்கைப் பக்கக்கோட்டுக்கான உணரியை உருவாக்கி வெளியிட்டனர். கணினிக்குரிய சில்லுகளைச் செய்யும் அதே முறையால், சிலிக்கன் தகட்டின் மீது நுண்ணிய நெம்பு ஒன்றைச் செதுக்கி, அதன் நுனியில் ஒரு மயிரை நிமிர்த்தி நிறுத்தினர். நீர் மயிரைத் தள்ள, நெம்பு வளையும். வளைவினால் அதிலுள்ள மின்தடை மாறும். அம்மாற்றத்தை அளந்தால் நீரின் வேகம் தெரியும். பொறியியலாளரோடு ஓர் உயிரியலாளரும் அவ்வாய்விற் பங்குகொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. 2006இல் அதே குழுவினர், பக்கக்கோட்டை நெடுங்காலம் ஆராய்ந்த ஷெரில் கூம்ஸ் அம்மையாருடன் சேர்ந்து, பல உணரிகளை வரிசையாக அமைத்தனர். நீரில் அதிரும் பொருள் ஒன்று எவ்விடத்தில் இருக்கின்றது என்பதை அவ்வரிசை கண்ணின்றிக் கூறியது. 2010இல் வெளியான மற்றோர் ஆய்வில், வாலைச் சுண்டியடிக்கும் கிரேபிஷ் என்னும் நன்னீர் இறால்வகை ஒன்று இருக்குமிடத்தையும் இவ்வாறு கண்டனர்.

இவ்விடத்திலேதான் கதை தன் தொடக்கத்துக்குத் திரும்புகின்றது. முதலிற் செய்த உணரிகளில் மயிர் வெறுமையாக நின்றது. நரம்பையும் மயிரையும் போலச் செய்தால் போதும் என்பதே எண்ணம். மீனின் மயிரோ கூழ்த்தொப்பிக்குள் அன்றோ இருக்கின்றது! 2007ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் விளாடிமிர் சுக்ருக்கின் குழுவினரும் லியுவின் குழுவினரும் சேர்ந்து, நீரை உறிஞ்சி நிற்கும் செயற்கைக் கூழினால் அம்மயிருக்கு ஒரு தொப்பி அணிவித்துப் பார்த்தனர். உணரியின் கூர்மை பல மடங்கு உயர்ந்தது. மெலிந்த மயிரைப் பற்றாது நழுவும் நீர், பருத்த தொப்பியைப் பற்றித் தள்ளியதே காரணம். 2011இல் யேர்மனியின் பொன் நகரில் கிளைன், பிளெக்மன் என்போர் துளைகளுடன் கூடிய செயற்கைக் குழாய்களை அமைத்து, நீரோட்டத்தின் வேகத்தையும் சுழிகள் எழும் கதியையும் அளந்தனர்.

சளி என்று ஒதுக்கப்பட்ட கூழும், சளி வடியும் வழி என்று கருதப்பட்ட குழாயும் இவ்வாறு மீண்டும் மதிப்புப் பெற்றன. ஸ்டெனோவின் காலத்தவர் சளியைக் கண்டு புலனைக் காணாது விட்டனர். நம் காலத்தவர் புலனைக் கண்டு, முதலிற் கூழைக் காணாது விட்டனர். இரு தவறுகளுக்கும் வேர் ஒன்றே. தனக்கு விளங்காத பகுதியைத் தேவையற்ற பகுதி என்று மனிதன் எளிதில் முடிவு செய்துவிடுகின்றான்.

இன்னும் முடியாத வேலைகள் பல உள. நீரிற் கிடக்கும் கருவிமீது பாசியும் உயிரிகளும் படிந்து அதன் கூர்மையைக் கெடுக்கும். ஓடும் வண்டி தானே எழுப்பும் அலை, வெளியிலிருந்து வரும் சலனத்தை மறைத்துவிடும். இதற்கும் மீன் ஒரு வழி கண்டிருக்கின்றது. நீந்தும் வேளையில் மூளையிலிருந்து பக்கக்கோட்டுக்கு ஒரு கட்டளை சென்று அதன் உணர்ச்சியைத் தணிக்கின்றது என்பதை ரொபேட்ஸ், ரசல் என்னும் இருவர் 1972இல் நாய்ச்சுறாவில் ஆராய்ந்து காட்டினர். தன் இரைச்சலைத் தான் கேளாதிருக்கும் இக்கலையைக் கருவிக்குக் கற்பிப்பது எளிதன்று.

நிறைவாக ஒரு பயனைக் கூற விரும்புகின்றேன். எஸ்தோனியா நாட்டின் தாலின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியை மாரியா குரூஸ்மா தலைமையில், 2009ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கூட்டாய்வு ஒன்று தொடங்கிற்று. நீரோட்டத்தை உடலால் உணர்ந்து நீந்தும் இயந்திர மீன் ஒன்றை அவர்கள் செய்தனர். ஓட்டத்துக்கு எதிர்முகமாகத் தன்னை நிறுத்தவும், ஒரு தடையின் பின்னே ஒதுங்கி வலுவைச் சேமிக்கவும் அது பழகிற்று. பின்னர் அப்பல்கலைக்கழகத்தார், மீனின் வடிவில் அமுக்க உணரிகளைப் பொருத்திய கருவி ஒன்றைச் செய்து, அணைகளின் ஓரத்தில் அமைந்த மீன்வழிகளில் அதனை இறக்கி அளக்கலாயினர்.

மீன்வழி என்பது யாது? முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறும் மீன்களை அணைக்கட்டுகள் மறித்துவிடுகின்றன. அவை ஏறிச் செல்வதற்காகப் படிப்படியாய்த் தொட்டிகள் அமைத்து நீரை விடுவார்கள். அவ்வாறு கட்டிய வழிகளிற் பல, மீன்கள் ஏறாமலே கிடக்கின்றன. பொறியியலாளர் ஓரிடத்திலே நீரின் சராசரி வேகத்தை அளந்து, இது போதும் என்று கட்டினர். மீனோ தலை முதல் வால்வரை, இருபக்கமும், நீரை வேறு விதமாக உணர்கின்றது. நமக்கு அமைதியாகத் தோன்றும் தொட்டி மீனுக்குக் குழப்பமான சுழியாக இருக்கலாம். மீன் உணர்வதை ஒட்டி அளக்கும் கருவி கிடைத்தால், மீன் ஏறக்கூடிய வழியைக் கட்டலாம். ஏற முடியாத மீனின் இனம் அந்த ஆற்றில் அற்றுப்போகும் என்பதால் இது சிறு காரியமன்று. மீனிடமிருந்து கடன் வாங்கிய அறிவு மீனுக்கே உதவியாகத் திரும்பிச் செல்வது எவ்வளவு பொருத்தம்!

அந்த மாணவியை நான் பின்னர் வகுப்பிற் கண்டேன். "அன்று நீ கேட்டதற்கு நான் விடை சொல்லவில்லை, பெயரைத்தான் சொன்னேன்" என்று கூறி, அறிந்துகொண்டதை அவளுக்கும் மற்றவர்க்கும் எடுத்துரைத்தேன். அவள் மகிழ்ந்தாள்; உடனே மற்றொரு கேள்வியும் கேட்டாள். அதற்கு நான் தயங்காமல், "தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்றேன்.

பெற்றோரும் ஆசிரியரும் சிந்திக்க வேண்டியது இதுவே. பிள்ளைகள் கேட்கும்போது பெயரைச் சொல்லிக் கேள்வியை மூடிவிடுவது எளிது. சளிக்குழாய் என்ற ஒரு சொல் 186 ஆண்டுகள் ஒரு புலனை மூடி வைத்திருந்தது. அடுத்த முறை சந்தையில் மீன் வாங்கும்போது அக்கோட்டைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அது எதற்கு என்று அப்பிள்ளை கேட்கட்டும்.